கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்: எங்கள் மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்ப்போம். வெள்ளை வேட்டிதான் திரை. அங்கே இரண்டு முறை போட்ட ஒரே படம், வெஸ் ஆண்டர்சன் 2014-இல் எடுத்த ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’. வேறு எந்தப் படத்துக்கும் இத்தனை கேள்விகள் வந்ததில்லை. படம் முடிந்தபின் மாடிப்படியில் நின்றும், மறுநாள் போனிலும் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கடைசிக் கேள்விகளில் கதையின் முடிவு வருகிறது. படம் பார்க்காதவர்கள், சொல்லியிருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை என்ன?

1932. சுப்ரோவ்கா என்ற கற்பனை நாடு. அங்கே மலை உச்சியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய ஹோட்டல். வருகிற விருந்தாளிகளின் தேவை எல்லாவற்றையும் கவனிக்கும் தலைமைப் பொறுப்பாளர் குஸ்தாவ். நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பதிலிருந்து பூச்சாடி எங்கே இருக்க வேண்டும் என்பது வரை எல்லாம் அவர் கையில். அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்கிறான் ஜீரோ என்ற பையன். எங்கிருந்தோ தப்பி வந்த அகதி.

அந்த ஹோட்டலுக்கு வருடா வருடம் வரும் பணக்காரக் கிழவி ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார். விலைமதிப்பற்ற ஓவியம் ஒன்றை குஸ்தாவுக்கு எழுதி வைத்திருக்கிறார். குடும்பம் கொதிக்கிறது, கொலைப்பழி குஸ்தாவ் தலையில் விழுகிறது. அப்புறம் சிறை, தப்பித்தல், துரத்தல். இதையெல்லாம் 1968-இல் கிழவனாகிவிட்ட ஜீரோ ஓர் எழுத்தாளரிடம் சொல்கிறார். அந்த எழுத்தாளர் வயதான பிறகு 1985-இல் நம்மிடம் சொல்கிறார். அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கு ஒரு பெண் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்றாக நாலு காலம். முதல் பத்து நிமிடம் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமெடிப் படம் என்றீர்கள். அதில் யாருமே சிரிக்கவில்லையே?

இதுதான் முதல் முறை பார்க்கிற எல்லோரும் கேட்பது. நம் மேடை நாடகத்தில் பபூன் முதலில் தான் சிரிப்பார், பிறகு நம்மைச் சிரிக்க வைப்பார். இது வேறு வகை. முகத்தை அசைக்காமல், குரலை உயர்த்தாமல், மிகப் பெரிய விஷயத்தைச் சின்ன விஷயம் போலச் சொல்வது. மௌனப்பட காலத்தில் பஸ்டர் கீட்டன் வீடே இடிந்து விழும்போதும் முகத்தில் ஒரு கோடு மாறாமல் நிற்பார். அந்தப் பரம்பரை.

நமக்கும் இது புதிதில்லை. எங்கள் தெரு டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. “என்ன பெரியப்பா, உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இருக்கு, எங்க போகப் போகுது” என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்டவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். அவருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்பது நமக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை இறங்குகிறது.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். போலீஸ் ஹோட்டலுக்கு வந்து குஸ்தாவிடம் விவரம் சொல்கிறது. அந்த அம்மாள் எப்படி இறந்தார் என்று யாருமே சொல்லவில்லையே என்று தான் அப்போதே யோசித்ததாக அவர் பொறுமையாக, தெளிவாகப் பேசுகிறார். சரி, கொலைதான் நடந்திருக்கிறது, அதை நான் செய்தேன் என்று நினைக்கிறீர்கள் என்று அவரே முடித்துவைக்கிறார். அடுத்த நொடி திரும்பி ஓடுகிறார். கேமரா கூடவே ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊதா உடுப்புக்காரர் ஒருவர் படியேறி ஓடுவதையும் பின்னால் போலீஸ்காரர்கள் ஓடுவதையும் தூரத்தில் பொம்மைகள் போலப் பார்க்கிறோம். அதே ஓட்டத்தைக் கிட்டே போய் வேர்வையும் மூச்சுமாகக் காட்டியிருந்தால் அது சண்டைப் படம்.

இந்தத் துல்லியம் தற்செயலாக வருவதில்லை. படப்பிடிப்புக்கு முன்பே படம் முழுவதையும் கோட்டோவியமாக அசைய வைத்து, எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஆண்டர்சனே தன் குரலில் பேசி வைத்துக்கொள்வார். எந்தச் சொல் எந்த நொடியில் விழ வேண்டும் என்பது நடிகர் வந்து நிற்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

திரை ஏன் நடுவில் சுருங்குகிறது? புரொஜெக்டர் கோளாறா?

இல்லை. முதல் திரையிடலில் “தம்பி, லென்ஸைக் கொஞ்சம் திருகிப் பாருங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. படமே அப்படித்தான். 1932-இல் நடக்கும் கதை முழுக்க 1.37:1 என்ற ஏறக்குறையச் சதுரமான அளவில் இருக்கும். நம் பழைய கருப்பு வெள்ளைப் படங்களின் வடிவம் அதுதான். 1968 வந்ததும் அகலத்திரை. 1985-உம் இன்றைய காலமும் 1.85:1. எந்த வருடம் என்று எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை, திரையின் வடிவமே சொல்லிவிடும். டிவியில் பார்க்கிறவர்கள் திரை முழுக்க நிரப்பும் வசதியைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். தலையும் காலும் வெட்டுப்பட்டுப் போகும்.

ஏன் எல்லோரும் எப்போதும் நட்டநடுவில் நிற்கிறார்கள்?

திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் முற்றத்தின் நடுவில் சிம்மாசன மண்டபத்தைப் பார்த்து நில்லுங்கள். இடப்பக்கம் எத்தனை தூணோ வலப்பக்கமும் அத்தனை, வளைவுக்கு வளைவு சரி. நடுவில் நிற்கிற நீங்கள் திடீரென்று முக்கியமானவராகிவிடுகிறீர்கள். கொஞ்சம் கூன் போட்டால்கூட அது தப்பாகத் தெரியும். 1636-இல் கட்டியவர்களுக்கு அந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. அரசனைப் பார்க்க வருகிறவன் அந்த ஒழுங்கைப் பார்த்தே அடங்க வேண்டும்.

ஆண்டர்சனும் ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமனும் அதே ஒழுங்கைச் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் கொலுப்படி போல நேராக, நம்மைப் பார்த்தபடி இருக்கும். அதில் ஒரே ஒரு பொம்மை லேசாகச் சாய்ந்திருந்தால் வீட்டுக்கு வந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். அந்தச் சாய்வுதான் இங்கே நகைச்சுவை. கேமராவும் ஒன்று நேராக முன்னே பின்னே போகும், அல்லது பக்கவாட்டில் தண்டவாளத்தில் போவது போல நகரும், அல்லது சட்டென்று செங்கோணத்தில் திரும்பும். சுற்றி வளைந்து போவது மிகக் குறைவு.

நிறத்திலும் கணக்கு உண்டு. 1932-இல் இளஞ்சிவப்பும் ஊதாவும் சிவப்பும். 1968-இல் அதே கூடம் காவியும் பாசிப்பச்சையுமாக, எங்கே பார்த்தாலும் அறிவிப்புப் பலகைகளுடன் களையிழந்து கிடக்கும்.

அந்த ஹோட்டல் உண்மையில் எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

வெளிப்புறம் எங்கேயும் இல்லை. அது ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு மாதிரி. கைவேலைக்காரர்கள் செய்த பொம்மைக் கட்டடம். அதைப் படம் பிடித்து, பின்னால் வரைந்த மலைக்காட்சியோடு சேர்த்தார்கள்.

உட்புறம் உண்டு. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி நைஸே ஆற்றங்கரையில் கோர்லிட்ஸ் என்ற ஊர். அங்கே 1913-இல் கட்டிய பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடி ஒன்று வியாபாரம் நின்று காலியாகக் கிடந்தது. உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கூரை, நடுவில் அகலமான படிக்கட்டு, சுற்றிலும் மாடங்கள். அதையே ஹோட்டல் கூடமாக்கினார்கள். 1930-களின் அரங்கை அமைத்து, அதற்குள்ளேயே 1960-களின் அரங்கையும் கட்டினார்கள். முதலில் அறுபதுகளின் காட்சிகளை எடுத்துவிட்டு, அந்த உள்தோலை உரித்து எடுத்தால் பழைய பொலிவு வெளியே வந்துவிடும். காலத்தைப் பின்னோக்கி நடத்துவதற்கு இதைவிட அழகான தச்சு வேலையை நான் கேள்விப்பட்டதில்லை.

கடை ஹோட்டலானது அங்கே. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே தங்கம் தியேட்டர் ஞாபகம் வரும். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசியது. இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. என் அம்மா அங்கே புடவை எடுக்கப் போனால், பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு, “பால்கனி இங்கதான் ஆரம்பிக்கும்” என்று கையைத் தூக்கிக் காட்டுவார். கோர்லிட்ஸ் கட்டடத்துக்கு வாய்த்தது நம் தியேட்டருக்கு வாய்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இந்தப் போர், கருப்புச் சீருடைப் படை, எல்லாம் உண்மையான வரலாறா?

நாடு கற்பனை, வலி உண்மை. ஹிட்லர் காலத்து ஐரோப்பாவைத்தான் பெயர் மாற்றிக் காட்டுகிறார்கள். இரட்டை ‘இசட்’ எழுத்துச் சின்னம் நாஜிப் படையின் சின்னத்தை நினைவுபடுத்தும்.

படத்தின் முடிவில் ஸ்டெஃபான் ஸ்வைக் என்ற எழுத்தாளரின் எழுத்துகள் தூண்டுதல் என்று போடுகிறார்கள். அவர் 1881-இல் வியன்னாவில் பிறந்தவர், யூதர். உலகமெங்கும் வாசிக்கப்பட்டவர். 1933-இல் நாஜிகள் அவர் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நாட்டை விட்டு இங்கிலாந்து, அமெரிக்கா என்று அலைந்து, 1942-இல் பிரேசிலில் மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். தான் வாழ்ந்த நாகரிகமே அழிந்துவிட்டது என்ற துக்கம் அவருடையது. இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பாருங்கள், இளஞ்சிவப்பு நிறமே வேறு மாதிரி தெரியும்.

இத்தனை நடிகர்கள். யார் யார்?

குஸ்தாவாக ரேஃப் ஃபைன்ஸ். பையன் ஜீரோவாக டோனி ரெவலோரி, கிழ ஜீரோவாக எஃப். முர்ரே ஆபிரகாம். ஜீரோவின் காதலி, கேக் கடைப் பெண் அகதாவாக சர்ஷா ரோனன். கிழவியாக வருபவர் டில்டா ஸ்விண்டன், ஒப்பனையில் அடையாளமே தெரியாது. மகனாக ஏட்ரியன் பிரோடி, அடியாளாக வில்லெம் டஃபோ, வக்கீலாக ஜெஃப் கோல்ட்பிளம், போலீஸ் அதிகாரியாக எட்வர்ட் நார்ட்டன். ஜூட் லா, பில் மர்ரே, ஹார்வி கைட்டல் இன்னும் பலர். சிலருக்கு இரண்டே நிமிடம்தான். அதற்கும் மனமுவந்து வந்தார்கள். படப்பிடிப்பின்போது எல்லோரும் கோர்லிட்ஸில் ஒரே ஹோட்டலில் தங்கி, இரவில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

யாரும் யாரையும் முந்தப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் சுருதியில் நிற்கிறார்கள், மேளக்கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் நிற்பதுபோல.

எத்தனை ஆஸ்கர்?

ஒன்பது பரிந்துரை, நான்கு விருது: உடை, ஒப்பனை, கலை இயக்கம், இசை. பெர்லின் விழாவை இந்தப் படத்தோடுதான் தொடங்கினார்கள். அங்கே நடுவர் குழுவின் வெள்ளிக் கரடி விருதும் கிடைத்தது.

அந்தத் தந்தி வாத்தியம் என்ன?

முக்கோண உடம்போடு இருப்பது ரஷ்ய பாலலைகா. குச்சியால் தட்டி வாசிப்பது சிம்பலம், நம் சந்தூருக்கு ஒன்றுவிட்ட உறவு. இசை அலெக்சாண்டர் தெஸ்ப்லா.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். போஸ்டர் பொம்மைப்படம் போல இருக்கும், ஆனால் விரல் துண்டாகும், வெட்டிய தலை வரும், பூனை ஒன்று ஜன்னல் வழியே போகும், கெட்ட வார்த்தையும் சில படுக்கையறைக் காட்சியும் உண்டு. பிளஸ் டூ தாண்டியவர்கள் பார்க்கலாம்.

தமிழில் இந்த மாதிரி படம் உண்டா?

இதே அச்சில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் நிறத்தை அழுத்தமாக வைத்து, பல கதைகளைப் பின்னி, நடக்கிற விபரீதத்தை முகம் மாறாமல் சொல்லும் முறைக்கு தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) நல்ல எடுத்துக்காட்டு. கல்லூரி மாணவர்கள் செல்போனில் இந்தப் பாணியில் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். நடுவில் ஆளை நிறுத்துகிறார்கள், சுவருக்கு ரோஸ் பெயிண்ட் அடிக்கிறார்கள். அது போதாது. அந்த ஆள் எதை இழந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது கல்யாண ஆல்பம்.

குறுக்குச் சாவிச் சங்கம் என்று ஒன்று வருகிறதே, நிஜமா?

படத்தில் குஸ்தாவ் ஆபத்தில் மாட்டியதும் ஹோட்டல் ஹோட்டலாகப் போன் பறக்கும். ஒவ்வொரு ஊரிலும் பொறுப்பாளர் கையிலிருந்த வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போன் போடுவார். சங்கத்தின் பெயர் கற்பனை. ஆனால் பெரிய ஹோட்டல் பொறுப்பாளர்களுக்கு உலக அளவில் ஒரு சங்கம் உண்மையிலேயே உண்டு. கோட்டின் காலரில் இரண்டு தங்கச் சாவிகளைக் குறுக்கே போட்ட சின்னம் அணிந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் முப்பத்தொரு வருடம் மேனேஜர். மேசைக்குப் பின்னால் மரப்பலகை, வரிசையாகக் கொக்கி, ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லையோடு சாவி. விடிகாலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து இறங்குகிறவர்கள் லாட்ஜைத் தேடி வரும் நேரத்துக்கு முன்பே குளித்து, விபூதி பூசி, குட்டிகூரா பவுடர் வாசத்தோடு நின்றுகொண்டிருப்பார். ரூம் இல்லை என்றால் வெறுமனே இல்லை என்று அனுப்பமாட்டார். பக்கத்து லாட்ஜ் மேனேஜருக்குப் போன் போட்டு, “அண்ணே, குடும்பத்தோட வந்திருக்காங்க, பார்த்துக்கோங்க” என்று சொல்லி, பையனைக் கூட அனுப்பி வைப்பார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் தெருவில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பெயர்ப்பலகைதான் இல்லை.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. படம் பாதி ஓடும்போது என் காதருகே சொன்னார்: “அந்தாளு நிக்கிற நிலையைப் பார்றா. மேசையில சாய மாட்டேங்கிறான்.” ரேஃப் ஃபைன்ஸின் நடிப்பைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லவில்லை.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு கேள்விகளையும் தாண்டி, கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.)

அழகு இருக்கிறது, உயிர் இல்லை என்று சிலர் சொல்கிறார்களே?

நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ரயில் காட்சிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் தடவை, வயல் நடுவில் ரயில் நிற்கிறது. சிப்பாய்கள் ஏறிக் காகிதம் கேட்கிறார்கள். ஜீரோவின் காகிதம் செல்லாது என்கிறார்கள். குஸ்தாவ் எழுந்து குறுக்கே நிற்கிறார், அடி வாங்குகிறார். நல்லவேளையாக அதிகாரி, சின்ன வயதில் அந்த ஹோட்டலில் தங்கியவர். குஸ்தாவின் அன்பை மறக்காதவர். தன் கைப்பட ஓர் அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுக்கிறார். இரண்டாம் தடவை, அதே போல வயல், அதே போல ரயில். படம் கருப்பு வெள்ளையாகிவிடுகிறது. அந்தச் சீட்டை நீட்டுகிறார்கள். சிப்பாய் கிழித்துப் போடுகிறான். குஸ்தாவ் மறுபடியும் எழுகிறார். அதன் பிறகு நடந்ததை, கிழ ஜீரோ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்: அவரைச் சுட்டுவிட்டார்கள். அழுகை இல்லை, இசை பொங்குவதில்லை. அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே அசையாத முகம்தான் இங்கே தாங்கமுடியாமல் போகிறது.

இவற்றுக்கு நடுவில் இன்னொன்று. சிறையிலிருந்து தப்பியதும், வாசனைத் திரவியம் கொண்டுவர மறந்துவிட்டான் என்று ஜீரோவை குஸ்தாவ் கண்டபடி திட்டுகிறார். எங்கிருந்தோ வந்து ஏன் எங்கள் நாட்டில் கிடக்கிறாய் என்கிற அளவுக்கு. பையன் மெதுவாகச் சொல்கிறான்: அப்பாவைக் கொன்றார்கள், குடும்பத்தைச் சுட்டார்கள், ஊரை எரித்தார்கள், போர் என்னை விரட்டியது. குஸ்தாவ் அந்த நொடியே தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்கிறார். சாக்குப்போக்கு இல்லாத, முழு மன்னிப்பு.

எங்கள் மாடியில் அன்று ஆனையூர் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வளர்ந்த நண்பர் ஒருவரும் இருந்தார். இடைவேளை விடும்போது வழக்கமாக டீ ஊற்றுவது அவர்தான். அன்று ஊற்றவில்லை. சுவரோரம் நின்று வைகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, “ரயில்ல அந்தக் காகிதத்தைப் பையன் ரெண்டு கையாலயும் நீட்டுறான் பாத்தீங்களா” என்று மட்டும் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. இரண்டாம் முறை போட்டது அதற்காகத்தான்.

முடிவில் ஜீரோ ஏன் பாழடைந்த ஹோட்டலை விடாமல் வைத்திருக்கிறார்?

தன் மற்றச் சொத்தெல்லாம் கொடுத்து இந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டவர் அவர். குஸ்தாவின் நினைவுக்காகவா என்று எழுத்தாளர் கேட்கிறார். இல்லை என்கிறார். அகதாவுக்காக. அவளோடு அங்கே கொஞ்ச காலம் சந்தோஷமாக இருந்தார். அவளும் கைக்குழந்தையும் ஒரு காய்ச்சலில் போய்விட்டார்கள். கதை முழுக்க அகதாவைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் கிழவர் ஒதுங்கி ஒதுங்கிப் போவதை இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

அப்பா வேலை பார்த்த லாட்ஜும் இப்போது இல்லை. செல்போன் உதிரிபாகக் கடைகள் வந்துவிட்டன. சாவிப்பலகையை இடித்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். பதினாலாம் எண் ரூமின் மாற்றுச் சாவி மட்டும் எங்கள் பூஜையறை மாடத்தில் இருக்கிறது. அது ஏன் பதினாலு என்று அப்பாவிடம் பல முறை கேட்டிருக்கிறேன். “பேசாம படத்தைப் போடு” என்பார்.

மறுபடியும் எப்போது போடுவீர்கள்?

ஆடிக் காற்றில் வேட்டி நிற்காது. புரட்டாசி முதல் சனிக்கிழமை, ஏழரை மணி. 100 நிமிடப் படம், ஒன்பதரைக்கெல்லாம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பாய் கொண்டுவாருங்கள். வேட்டிக்கு நேர் எதிரே இருக்கும் மர நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம், அது அப்பாவுடையது.